மாடியில் யாரும் இல்லை

விஜயகுமாரி பயப்படுவதற்குக் காரணம் ஒன்று வேண்டும் என்பதில்லை. முதலில் பயந்துவிடுவாள், காரணம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் அவளுடைய மாவுக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். கரண்டு ஆபீஸ் ஆள் மீட்டர் பார்க்க வந்தால் பயம். ரிஜிஸ்டர் தபால் வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், ஊரப்பாக்கத்தில் இருக்கிற மகள் கீர்த்தனாவுக்கு போன் போட்டு, "வூட்லதான கீற?" என்பாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் ஆம்புலன்ஸ் ஒரு நாளைக்கு முப்பது தடவை போகும். மகள் பாவம் என்ன செய்வாள்? ஆபீசில் உட்கார்ந்துகொண்டே, "வூட்லதாம்மா கீறேன், போனை வையி" என்பாள்.

ஐம்பத்துநாலு வயது. கணவர் போய் ஆறு வருடம். கீழ் வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், வாசலில் ஒரு மேசை. பகல் முழுக்க உளுந்தும் அரிசியும் ஊறும், மூன்றரைக்கு கிரைண்டர் ஓடத் தொடங்கும், ஐந்து மணிக்கு ஜனம் வரும். மாவில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பயத்தைத்தான் எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் யாரும் கிண்டல் செய்ய அவள் விட்டதில்லை. அது போலீஸ். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. ஒன்பது வயதில், பக்கத்து நிலத்து மோட்டார் காணாமல் போனதென்று அவள் அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து நடந்தே திரும்பி வந்தார். மோட்டாரை வேறு எவனோ எடுத்திருந்தான். அப்பாவுக்கு அதற்கப்புறம் இடது காது கேட்கவே இல்லை. அன்றைக்கு அவள் அம்மா பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னாள்: "காக்கி வந்து இன்னா கேட்டாலும் இல்ல, தெரியாது. அவ்ளோதான். வேற வார்த்த வாய்ல வரக்கூடாது." அந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற வயதிலேயே இதையும் ஊட்டிவிடுவார்கள். எது கேட்டாலும் முதல் பதில் 'இல்லை'. அப்புறம்தான் கேள்வி என்ன என்று யோசிப்பது.

இப்படிப்பட்டவள் வீட்டு மாடிக்குத்தான் ஜப்பானிலிருந்து எமிகோ குடிவந்தாள்.

ஜப்பானுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த ஊர் பாஷை சொல்லிக்கொடுக்க ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பள்ளி இருக்கிறது. எமிகோ அங்கே டீச்சர். நாற்பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் தொங்கும் ஒரு சின்ன நோட்டு. முதல் ஒரு மாதம் பள்ளிக்காரர்களே கொடுத்த அறையில் இருந்தாள். அந்த விலாசத்தைத்தான் அரசாங்கத்தில் பதிந்திருந்தார்கள். அறை தரைத்தளமாம், அவளுக்குப் பிடிக்கவில்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆன திருவேங்கடம், விஜயகுமாரி கடைக்குத் தினம் தவறாமல் வருகிறவர், அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவள் குளியலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, "கடல் எவ்வளவு தூரம்?" என்றாள்.

கடற்காற்றுக்கு ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது, மாடி வாடகைக்குப் போகாது என்று நினைத்துக்கொண்டு விஜயகுமாரி மெல்லச் சொன்னாள்: "மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்ம்மா. ஆனா பஸ்ஸு கீது."

எமிகோவின் முகம் மலர்ந்துவிட்டது. "மாடி?" என்றாள்.

"மாடிதான்."

"சரி" என்று அங்கேயே தலை குனிந்து வணங்கினாள். திருவேங்கடமும் பதிலுக்குக் குனிந்தார். அவள் மறுபடி குனிந்தாள், அவரும் மறுபடி குனிந்தார். அன்று ராத்திரி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் மாதம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே காலம் தள்ளினார்கள். மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் விஜயகுமாரிக்குப் பயம், கேட்காவிட்டால் இன்னும் பயம். எமிகோவோ தெருநாய்க்கு பயந்து வெயிலில்லாத நாளிலும் குடையோடு போவாள். சாப்பிடக் கூப்பிட்டால் "வேண்டாம், நன்றி" என்று குனிவாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு நாள் விஜயகுமாரி உளுந்து வாங்கக் கிளம்பியபோது எமிகோ ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். லாரியும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் விட்ட வழியில் கால் வைக்க இடமில்லை. எத்தனை நேரமாக நின்றாளோ, கண்ணில் தண்ணீர். அந்த ரோட்டை விஜயகுமாரியும் தனியாகத் தாண்டியதில்லை. நாலு பேர் சேரும் வரைக்கும் நின்று, அவர்களுக்கு நடுவில் புகுந்து போகிறவள். அன்றைக்கு ஆள் சேரவில்லை. அவளுக்கு என்ன தோன்றிற்றோ, எமிகோ கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் 'ஐயையோ ஐயையோ' என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்றரைக்கு கிரைண்டர் ஓடத் தொடங்கினால் எமிகோ கீழே வந்துவிடுவாள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உளுந்து கழுவுவாள். யாருக்குக் கெட்டி மாவு, யாருக்குப் புளித்தது என்று நோட்டில் அவள் பாஷையில் குறித்துக்கொள்வாள். தமிழும் அங்கேதான் கற்றாள். எந்தத் தமிழ் என்று கேட்டுவிடாதீர்கள். "இன்னாக்கா, மாவு ஆச்சா?" என்று படி இறங்குகிறபோதே குரல் கொடுப்பாள். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னா முழிச்சிகினு கீற?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, பிள்ளைகள் ஏன் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று புரியாமல் வந்து நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா பிடிவாதமாக இரண்டு பேரையும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். கல்லில் செதுக்கினதையெல்லாம் எமிகோ ஆசை ஆசையாகப் பார்த்தாள். கடற்கரைக்குப் போகிற தெருவில் பாதி வந்ததும் நின்றுவிட்டாள். சிப்பி, சங்கு விற்கிற கடைகள் முடிகிற இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விஜயகுமாரிக்கும் கடல் என்றால் பயம்தான். அப்பாடா என்று பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த மீன் இரண்டு தட்டு வாங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து எமிகோ எதிரே இருந்த லாட்ஜின் இரண்டாவது மாடியைக் காட்டினாள். "எங்க ஊர்ல தண்ணி... அதுக்கு மேல" என்றாள். பிறகு விரலை மடக்கினாள். "அம்மா. அண்ணன். அண்ணன் பொண்ணு." கைத்தட்டில் மீன் ஆறிப்போயிருந்தது.

விஜயகுமாரி அந்தத் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "நம்ம ஊருக்கு அவ்ளோ தூரம் தண்ணி வராதுடி. நீ இங்கயே இருந்துடு" என்றாள்.

"இருக்கட்டா?"

"இருடி. யார் உன்ன இன்னா சொல்றது?"

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள்.

வருடம் ஒன்று போயிற்று. எமிகோ இன்னும் இரண்டு வருடம் இங்கே தங்குவதற்கு மனுப் போட்டாள், அதில் இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். அந்த வாரம்தான் திருவேங்கடம் மாவு வாங்க வந்தவர் பேச்சோடு பேச்சாக, "விஜயா, அந்தம்மாவுக்கு சி ஃபார்ம் போட்டுட்டியா?" என்றார்.

"இன்னா ஃபார்ம்?"

"போச்சு போ! வெளிநாட்டுக்காரங்கள குடி வெச்சா ஒரு நாளைக்குள்ள ஓனரு ஆன்லைன்ல பதியணும். நீ ஒரு வருசமா பதியலியா? தெரிஞ்சா உள்ள வெச்சிடுவான்."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா உள்ளதான்." சொல்லிவிட்டு மாவைத் தூக்கிக்கொண்டு தோசை சுடப் போய்விட்டார் புண்ணியவான். கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு அவருக்கு இது ஞாபகம் வரவில்லை.

விஜயகுமாரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அன்று மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள். கீர்த்தனாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். எமிகோவிடம் கேட்கவும் பயம். நாலு நாளாக மாடிப் பக்கமே போகவில்லை. தலைவலி என்று சொல்லி, உளுந்து கழுவ வந்தவளையும் திருப்பி அனுப்பினாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் அப்பாவின் காதுதான் ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சாதாரண சட்டைதான் போட்டிருந்தான். ஆனால் ஒட்ட வெட்டின கிராப்பும் பழுப்பு ஷூவும் கையில் ஃபைலும் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்டேஷன்லர்ந்து வரேம்மா. என் பேரு ஜெரோம். எமிகோன்னு ஜப்பான்காரம்மா இங்க தங்கியிருக்காங்களா?"

"இல்ல சார்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவன் ஃபைலைப் பார்த்தான். "இந்த டோர் நம்பர்தான் போட்டிருக்கு. மாடியில?"

"மாடியில யாரும் இல்ல சார். எனக்குத் தெரியாது. அப்டி யாரும் இங்க இல்ல."

"நல்லா யோசிச்சி சொல்லும்மா."

"இல்ல சார், இல்ல."

அவன் ஏதோ எழுதிக்கொண்டு போனான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகும் அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். பாருங்கள், தப்பித்தோம் என்று நினைத்தாள்!

பத்து நாள் ஓடிற்று. எமிகோ தானாகக் கீழே வரவில்லை, கூப்பிட விஜயகுமாரிக்கும் முகமில்லை. ஒரு சாயங்காலம் எமிகோ போனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். வழக்கமான குரல் இல்லை.

"அக்கா, போலீஸ் ரிப்போர்ட் போயிருக்கு. இந்த அட்ரஸ்ல எமிகோ இல்லன்னு. ஏழு நாள்ல சரியா பதில் சொல்லணும். இல்லன்னா ஊருக்குப் போகணும்." சொல்லிவிட்டு விஜயகுமாரியின் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் யார் முகத்தையும் பார்க்கிறவள் இல்லை.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "அவன் வேற தெருல எங்கனா கேட்டுட்டு எழுதிகினு போயிருப்பான். அவனுங்க பேஜாரு தெரியாதா உனக்கு?" என்றாள் விஜயகுமாரி.

எமிகோ போனை அணைத்தாள். "ஆமா" என்றாள். நன்றாகக் குனிந்து வணங்கினாள். முதல் மாதத்தில் வணங்கின மாதிரி.

மறுநாளும் மூன்றரைக்கு கிரைண்டர் ஓடியது, அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் விஜயகுமாரி கதவைத் திறந்தால் வாசலில் எமிகோவின் ரைஸ் குக்கர், துடைத்துப் பளபளவென்று. அதன் மேல் ஒரு காகிதத்தில் தமிழில், 'அக்காவுக்கு'. மாடியில் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. விஜயகுமாரி அந்தக் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போனால் உள்ளே. போகாவிட்டால் இவள் அந்தக் கடலோரத்துக்கே திரும்பிப் போக வேண்டும், அங்கே இவளுக்காக யாரும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து மூன்று நாளைக் கழித்தாள்.

ஆறாம் நாள் காலையில் 'மாவு இல்லை' என்று அட்டை மாட்டினாள். கணவர் செத்த பதினாறு நாளைத் தவிர அந்தக் கடை மூடினதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே வைத்துவிட்டால் தேவைப்படும் என்று மாத்திரை டப்பாவையும் ஒரு சேலையையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டாள். மூன்றாம் தடவை, "இன்னாம்மா வேணும்?" என்று உள்ளிருந்து ஒரு பெண் போலீஸ் கேட்டுவிட்டதால் திரும்ப முடியவில்லை.

பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவளை அல்ல, வேறு யாரையோ அதட்டுகிற சத்தம் வந்தபோதெல்லாம் பையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு மணிக்கு ஜெரோம் வந்தான். அவள் எழுந்து நின்றாள். பேச வாயெடுத்ததும் அழுகைதான் முதலில் வந்தது.

"நாந்தான் சார் பொய் சொன்னேன். அவ எங்க வூட்லதான் கீறா. ஃபார்ம் போடல சார். என்ன உள்ள வெச்சுக்கோங்க, அவள அனுப்பாதீங்க."

ஜெரோம் கொஞ்ச நேரம் அவளையும் பையையும் பார்த்தான். "யாரும்மா உன்ன உள்ள வெக்கிறேன்னு சொன்னது? உக்காரு மொதல்ல." தண்ணீர் கொடுத்தான். பிறகு கோபமும் வந்தது அவனுக்கு. "நீ சொன்னதத்தான நான் எழுத முடியும்? ஃபார்ம் போடாதது தப்புதான், ஃபைன் வரலாம். பொய் சொன்னது அதவிடத் தப்பு. ஒரு மனுசியோட வாழ்க்கைம்மா."

"தெரியும் சார்."

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. ஓனரு எழுதிக் குடுத்தா போதும், மாத்தி அனுப்பறேன்னு அந்தம்மாகிட்ட நோட்டீஸ் வந்த அன்னிக்கே போன்ல சொன்னேனே. உன்ன வந்து கேக்கலியா?"

"கேக்கலியே சார்."

"ஒரு வார்த்த?"

"கேக்கல."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "அஞ்சு மணிக்குள்ள அவங்கள கூட்டிகினு வா. ரெண்டு பேரும் நேர்ல எழுதிக் குடுங்க. நான் ரிப்போர்ட்ட மாத்தி அனுப்புவேன். மேல இருக்கறவங்க ஏத்துக்குவாங்களா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது."

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. ஏன் கேட்கவில்லை? ஒரு தாளில் நாலு வரி. மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஸ்டேஷனுக்குப் போகும்போது இருந்த பயத்தைவிட, தன் வீட்டு மாடிப்படி ஏறும்போது பயம் அதிகமாக இருந்தது.

கதவு திறந்திருந்தது. எமிகோ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் இரண்டும் கட்டியாகிவிட்டன.

"எமி, நாந்தாண்டி" என்றாள் விஜயகுமாரி. நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. "அந்த போலீஸு வேற தெருல கேக்கல. என்னத்தான் கேட்டான். நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றாள் எமிகோ.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு எனக்கு ஜுரம். கிளாஸ் போகல." ஜன்னலைக் காட்டினாள். அதன் நேர் கீழேதான் வாசல். "அக்கா பேசினது கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு."

விஜயகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாளும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. போனோடு கீழே வந்து முகத்தைப் பார்த்தபோதும் தெரிந்திருக்கிறது. "அப்பறம் ஏண்டி என்ன கேக்கல? சண்ட போட வேண்டியதுதான? எழுதிக் குடுன்னு கழுத்தப் புடிக்க வேண்டியதுதான?"

எமிகோ நோட்டைத் திறந்தாள், வார்த்தை தேடினாள், மூடிவிட்டாள். தெரிந்த தமிழில் மெல்ல மெல்லச் சொன்னாள்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவங்கள 'போ'ன்னு சொல்ல மாட்டாங்க. நேரா சொன்னா மரியாத இல்ல. வேற மாதிரி சொல்வாங்க. நாம புரிஞ்சிகினு போயிடணும்." நோட்டின் கயிற்றை விரலில் சுற்றினாள். "நாலு நாள் அக்கா பேசல. உளுந்து வேணாம்னு சொன்னாங்க. அப்பறம், எமிகோ இங்க இல்லன்னு சொன்னாங்க. அக்காவுக்கு நான் வேணாம்னு புரிஞ்சிகினேன். கேட்டா அக்காவுக்குக் கஷ்டம். அதனால கேக்கல."

காக்கிக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஒரு மனுஷி பதினாறு நாள் இந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜுரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் வேண்டாம் என்று சொல்லாத இடம் என்று நம்பி வந்தவள், இங்கேயும் தனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பெட்டி கட்டியிருக்கிறாள். உலகத்தில் தன் வார்த்தைக்குப் பயந்து ஒதுங்கிப் போக ஒருத்தி இருப்பாள் என்று விஜயகுமாரிக்குத் தோன்றியதே இல்லை.

"யாருடி உன்ன போவச் சொன்னது!" என்று கத்தினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "அறிவு கெட்டவளே! நான் பயந்து சாவுறேண்டி, பொறந்ததுலர்ந்து பயந்து சாவுறேன்! அவன் என் பேரக் கேட்டிருந்தாலும் இல்லன்னுதாண்டி சொல்லியிருப்பேன்!"

எமிகோ அவளை முழித்துப் பார்த்தாள். எவ்வளவு புரிந்ததோ. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள். விஜயகுமாரி உள்ளே போய் அந்த ஒல்லி உடம்பைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். தலைமுடியில் தைல வாசம் அடித்தது, ஜுரம் இன்னும் முழுதாக விடவில்லை. இத்தனை நாள் ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

மணி மூன்று தாண்டியிருந்தது. மேலே இருக்கிறவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று ஜெரோமுக்கே தெரியவில்லை. ஏற்காவிட்டால் அந்தப் பெட்டிகளை விஜயகுமாரி தன் கையாலேயே படி இறக்க வேண்டியிருக்கும்.

"செருப்பப் போடு. டேசனுக்குப் போவணும்" என்றாள்.

எமிகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "அக்காவுக்கு போலீஸ் பயம் இல்லியா?"

"இல்லாம இன்னா? இப்பக்கூட கால் நடுங்குது பாரு. அதுக்குத்தான் உன்ன கூட வான்றேன்."

விஜயகுமாரி முன்னால் இறங்கினாள். படியில் எமிகோவின் காலடிச் சத்தம் பின்னால் கேட்கிறதா என்று ஒவ்வொரு படிக்கும் நின்று பார்த்துக்கொண்டாள்.